குப்பை வண்டிக்கு வைத்த சீல்

நேர்மையாக இருப்பதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. பக்கத்தில் நாலு பேர் நின்று பார்க்காவிட்டால் அதில் ருசியே இருப்பதில்லை. (இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் பயங்கரமான நேர்மையாளர்கள். அவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.) துணை வட்டார வளர்ச்சி அலுவலராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ருசிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தேன். கடைசியில் நாக்கு நிஜமாகவே தொங்கியது. கும்மிடிப்பூண்டிப் பக்கம், கத்திரி வெயிலில், ஒரு பஞ்சாயத்துக் குழாயடியில்.

அப்போதுதான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தேன். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், கவுன்சிலர் இவர்கள் மேல் புகார் வந்தால் எப்படி விசாரிப்பது என்று பாடம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு என்பதால் மற்றவர்கள் எல்லாம் தூங்கினார்கள். நான் விழித்திருந்தேன். அதுதான் வினை. "விசாரிக்கப் போற எடத்துல ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது" என்று வகுப்பெடுத்தவர் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்க, நான் அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த மை காய்வதற்குள் எங்கள் பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஊராட்சி. (பெயர் வேண்டாம். போட்டால் என் மேல் புகார் கொடுப்பார்கள். அந்த ஊர் புகார் கொடுப்பதில் கெட்டிக்கார ஊர்.) பாதி ஊர் நெல் வைக்கிறவர்கள், பாதி ஊர் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். தலைவர் எஸ்தர் என்ற பெண். கூலி வேலை செய்த குடும்பம். இவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சரக்குப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்த வேலையை ராஜினாமா செய்து தேர்தலில் நின்று ஜெயித்தவர். தோற்றவர் வேணுகோபால், நிலம் நீச்சு உள்ளவர், ஊரில் மளிகைக் கடையும் வைத்திருந்தார். அவர்தான் புகார்தாரர். 'ஊராட்சியின் குப்பை அள்ளும் பேட்டரி வண்டியைத் தலைவர் தன் இஷ்டத்துக்கு ஆள் ஏற்றப் பயன்படுத்துகிறார்' என்பது புகார். நிரூபணமானால் கலெக்டர் வரைக்கும் போகும். பதவி போனாலும் போகும். விட்டுவந்த கம்பெனி வேலையோ திரும்பக் கிடைக்காது.

"ரெண்டு பக்கமும் கேளு. வெயில்ல அலையாத. சட்டுபுட்டுனு ரிப்போர்ட்டக் குடுத்துடு" என்றார் பி.டி.ஓ. மூன்றில் ஒன்றைத்தான் கேட்டேன்.

கிளம்புகிற காலையில் என் மனைவி கவிதா, "நாஷ்டா சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. "விசாரணைக்குப் போகும்போது வயிறு லேசாக இருக்க வேண்டும்" என்று வசனம் பேசிவிட்டுக் கிளம்பினேன். தண்ணீர் பாட்டிலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். அதை மறக்காமல் ஷேர் ஆட்டோவில் வைத்தேன். ஊர் வந்ததும் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்க, பாட்டில் என்னைக் கேட்காமல் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது.

ஊராட்சி அலுவலகத்து வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. நான் எதிர்பார்த்த நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். சந்தோஷமாக இருந்தது.

"வாங்க சார், குந்துங்க. யம்மா, சாருக்குத் தண்ணி கொண்டாங்க" என்றார் எஸ்தர். நெட்டையான பெண். பேசும்போது கை இரண்டும் ஏதோ லீவரைப் பிடித்திருப்பதுபோல முன்னால் நிற்கும்.

"சார் நம்ம கடை மோரு குடிக்கட்டும்" என்றார் வேணுகோபால், விட்டுக்கொடுக்காமல்.

நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஆனால் பின்வரிசைக்குத் தெரியாதே.) விசாரணை அதிகாரியாக வந்திருக்கும் நான் இரு தரப்பிடமும் எதையும், ஒரு வாய்த் தண்ணீரைக்கூட, பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று அறிவித்தேன்.

"இன்னா சார், தண்ணிகூடவா?" என்றார் வேணுகோபால்.

கூட்டம் முணுமுணுத்தது. ஊருக்கு வந்தவன் தண்ணீர் வேண்டாம் என்றால் அது முகத்தில் அடிப்பது மாதிரி. எஸ்தர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"சார் சொல்றது தான் கரெக்டு. நாளைக்கு ஒர்த்தரும் ஒர்த்தரயும் கொற சொல்லக் கூடாது பாரு. இன்னிக்கு முழுக்க சாருக்கு யாரும் எதுவும் குடுக்கக் கூடாது. வேணுண்ணா, உனக்கும் தான்."

இவ்வளவு தூரம் ஒத்துழைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விசாரணையைத் தொடங்கினேன். குறுக்குக் கேள்விகளை மடக்கி மடக்கித் தயாரித்து வைத்திருந்தேன். அத்தனையும் வீண்.

"குப்பை வண்டியில் ஆள் ஏற்றினீர்களா?"

"ஏத்திக்கினு போனேன் சார்."

"யாரை?"

"மழைக்காலத்துல ரோடெல்லாம் தண்ணி. ஆம்புலன்சு உள்ள வர முடியல. ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. வண்டிய நல்லா கழுவிட்டு, பாய் போட்டு, நானே ஓட்டிக்கினு போனேன். பொட்டப்புள்ள பொறந்துச்சி. அப்பால கம்பெனில கை அடிபட்ட பையன் ஒர்த்தன். அப்பால…" கொஞ்சம் நிறுத்தினார். "எங்க மாமியார ஒரு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு இட்டுக்கினு போனேன். மத்தது எப்பிடியோ, அது தப்பு தான் சார். கால் வலின்னு அழுதுச்சி, மனசு கேக்கல. அதயும் எழுதிக்குங்க. வேணுண்ணாவுக்கு அது தெரியாது."

வேணுகோபால் திடுக்கிட்டுப் போனார். தன் புகாரில் விட்டுப்போனதை எதிர்த்தரப்பே எடுத்துக் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்? "இத நான் கேக்கவே இல்லியே" என்றார், ஏதோ தன் பொருளைத் திருடிவிட்டதுபோல.

"நீங்கள் தேர்தலில் தோற்றதால் புகார் கொடுத்தீர்களா?" என்று அவரை மடக்கினேன்.

"தோத்ததுக்காக இல்ல சார்" என்றார். யோசித்தார். "தோத்ததுக்காகவும் தான்."

இப்படி உண்மை பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி விசாரணை நடத்துவது? அரை மணியில் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டமோ இன்னும் கலையவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்து காட்டவேண்டுமே. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஓரமாக அந்தப் பேட்டரி வண்டி நின்றிருந்தது. பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, மேலே ஒரு ஒலிபெருக்கி.

தேர்தல் வேலையில் ஓட்டுப்பெட்டிக்குச் சீல் வைத்து எனக்கு நல்ல பழக்கம். பையில் சணலும் அரக்கும் மெழுகுவர்த்தியும் எப்போதும் இருக்கும். வண்டியின் ஹேண்டில்பாரையும் தொட்டி மூடிகளையும் சணலால் சுற்றி, முடிச்சுப் போட்டு, என் கையெழுத்திட்ட சீட்டைச் செருகி, அரக்கை உருக்கி ஊற்றினேன். வண்டி ஓட்டும் தூய்மைக் காவலர் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார், "சார், உள்ள காலைல அள்ளுன குப்ப கீது."

"இருக்கட்டும். அதுவும் ஆதாரம்தான்."

"கோழிக்கட குப்பையும் கீது சார்."

"விசாரணை முடியும்வரை என் அனுமதியில்லாமல் யாரும் இந்தச் சீலைத் தொடக் கூடாது" என்று உரக்க அறிவித்தேன். வேணுகோபால் வாயைப் பிளந்தபடி, "எலக்சனுக்குக்கூட இப்பிடி சீல் வெக்கலியே" என்றார். என் வாழ்க்கையின் உச்சம் அது. அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான்.

வாக்குமூலங்களைச் சுத்தமாக எழுதி முடிக்கும்போது சூரியன் நடு மண்டைக்கு வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நான் வெந்துகொண்டிருந்தேன். வெளியே ஆதாரம் நாற ஆரம்பித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நைசாக எழுந்து மளிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு பெரியம்மா. "ஒரு வாட்டர் பாட்டில் கொடுங்கம்மா."

"பிரசிடெண்ட்டு குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க சார்."

"சும்மா கேட்கவில்லையேம்மா, விலைக்குத்தான்."

"எங்க ஊட்டுக்காரர் புகார் குடுத்தவராச்சே. அப்பால உங்களுக்குத் தான பேஜாரு" என்றார், என் மேல் உண்மையான அக்கறையோடு. அது வேணுகோபாலின் கடை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரில் வேறு கடை கிடையாது.

பக்கத்தில் குழாய். திறந்தால் தண்ணீர் வரும். ஆனால் பாருங்கள், பயிற்சி பெற்ற மூளை சும்மா இருக்குமா? இது பஞ்சாயத்துக் குழாய். பஞ்சாயத்துக்குத் தலைவர் எஸ்தர். எஸ்தர் மேல் விசாரணை. ஆகவே இது எதிர்த்தரப்பின் தண்ணீர். முகம் மட்டும் கழுவலாமா? முகம் கழுவுவது பெற்றுக்கொள்வதில் சேருமா? இதைப் பயிற்சியில் சொல்லவில்லையே என்று யோசித்தபடி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் அப்படியே நின்றது. நான்தான் சரிந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதியை அந்த ஊரே பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி, எனக்குச் சொல்லியிருக்கிறது.

"ஐயோ, ஆபீசரு கவுந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். (எந்தத் தரப்புத் தண்ணீர் என்று நான் பார்க்கவில்லை.) உடம்பு கொதித்தது, கண் சொருகியது. குடிக்கக் கொடுத்தது உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. ஆம்புலன்சுக்கு போன் போட்டார்கள். நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே கவிழ்ந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்றார்கள். ஊரிலிருந்த ஒரே வேன் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பைக்கில் உட்கார வைத்தால் நான் ஈரத் துணி மாதிரி இரண்டு பக்கமும் வழிந்தேனாம்.

மிச்சமிருந்தது குப்பை வண்டி. சணலும் அரக்குமாக.

எல்லோரும் எஸ்தரைப் பார்த்தார்கள். எஸ்தர் குனிந்து என் காதருகே, "சார், உங்க சீல ஒடச்சி வண்டிய எடுக்கட்டுமா? நீங்க தான் உத்தரவு குடுக்கணும்" என்று கத்தினார்.

நான் கண்ணைத் திறந்து, தெளிவான குரலில், "எழுத்துமூலமா கேளுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேனாம்.

இதை நான் நம்ப மறுத்தேன். ஆனால் பார்த்தவர்கள் பாதி ஊர்.

எஸ்தர் நிமிர்ந்தார். அங்கேதான் அந்தப் பெண் யார் என்பது தெரிந்தது. வண்டியை எடுத்தால் அதே குற்றம், விசாரணை நடக்கும் அன்றைக்கே, சீலையும் உடைத்து. எடுக்காவிட்டால் ஒரு ஆள் போய்ச் சேருவான், அதிலும் அவர் பதவியைப் பறிக்க எழுதிக்கொண்டிருந்தவன். அவர் நேராக வேணுகோபாலைப் பார்த்தார்.

"வேணுண்ணா, புகார் குடுத்தவன் நீ. இந்த வண்டில ஆளு ஏத்தக் கூடாதுன்னு சொன்னவன் நீ. நீயே சொல்லு. ஏத்தட்டுமா, வேணாவா?"

வேணுகோபால் இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்துச் சணலைச் சரக்கென்று அறுத்தார். "இன்னாத்தக் கேட்டுக்கினு நிக்கற எஸ்தரு! எடும்மா வண்டிய! ஆளு பூடுவாரு!"

தொட்டிகளை இறக்கிவிட்டு, தளத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, கோணியைப் போட்டு என்னைக் கிடத்தினார்கள். வேணுகோபால் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். எஸ்தர் சாவியைத் திருகினார். சாவியைத் திருகினால் அந்த வண்டியில் ஒலிபெருக்கியும் தானாகப் பாட ஆரம்பிக்கும், நிறுத்த முடியாது. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை எனத் தரம் பிரித்துக் கொடுப்பீர்!' என்று ஊர் முழுக்க அலறியபடி என் ஊர்வலம் கிளம்பியது. இந்த நேரத்தில் வண்டி வருகிறதே என்று பெண்கள் முறத்தோடும் வாளியோடும் ஓடி வந்தார்கள். எட்டிப் பார்த்த ஒருத்தி, "இன்னாண்ணா, ஆபீசரப் போட்டுக்கினு போறீங்க? இவரு மக்கறதா, மக்காததா?" என்று கேட்டாளாம். வேணுகோபால், "வழி வுடு தாயி, இன்னும் தரம் பிரிக்கல" என்றாராம்.

ஃபோர்க்லிஃப்டில் கண்ணாடிப் பெட்டி தூக்கிய கை அது. பள்ளத்தில்கூட என் தலை குலுங்கவில்லை என்று வேணுகோபால் இன்றைக்கும் சொல்வார்.

கண் விழித்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுத்திருந்தேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் புகார்தாரரும் புகாருக்கு ஆளானவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், உசுரு வந்துச்சா?" என்று எஸ்தர் எழுந்து வந்தார். "முதல்ல ஒண்ணு. இன்னிக்கி வண்டிய எடுத்ததயும் சேத்து எழுதிக்குங்க. விட்டுடாதீங்க."

"அம்மா, நீங்கள் என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்…"

"அதுக்குத் தான் சொல்றேன். விசாரிக்க வந்தவர வண்டில ஏத்திக் கைக்குள்ள போட்டுக்கினான்னு நாளைக்கு ஒர்த்தன் சொல்லக் கூடாது. நீங்க இனிமே இத விசாரிக்கவும் கூடாது சார். நீங்களே வண்டில வந்துட்டீங்களே."

பயிற்சி வகுப்பில் விழித்திருந்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

"நான் புகார வாபஸ் வாங்கிக்கறேன், வுடு" என்றார் வேணுகோபால், டீ கிளாசைப் பார்த்தபடி.

"வாங்காத. வாங்குனா பேசி முடிச்சிட்டாங்கன்னு தான் ஊரு பேசும். நான் செஞ்சது சரியா தப்பான்னு ஒர்த்தர் சொல்லட்டும். பதவி போனா போவுது. எனக்கும் தெரியணுமில்ல?"

பதவி போனால் போகட்டும் என்பது அவருக்கு லேசான விஷயம் இல்லை. எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஒரு கையில் ஊசி குத்தியிருந்ததால் முடியவில்லை. என்னை மடியில் போட்டுக்கொண்டு வந்த வேணுகோபாலின் வேட்டியில் அரக்கு ஒட்டியிருந்தது. அவரையும் கும்பிட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பி.டி.ஓ.விடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, விசாரிக்கத்தான உன்ன அனுப்புனேன்? சாட்சியா திரும்பி வந்து நிக்கிற?" என்றார். பிறகு பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஒரு மேடத்தை விசாரணைக்குப் போட்டார்கள். அவர் தண்ணீர், சாப்பாடு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"வண்டியில் ஏற்றியபோது நீங்கள் ஆட்சேபணை தெரிவித்தீர்களா?"

"எழுத்துமூலமாகக் கேட்கச் சொன்னேன் மேடம்."

அந்த மேடம் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு வருவதற்குள் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என்னை ஏற்றிய பாவத்துக்கு அவர் பதவி போனால் அந்த ஊர்ப்பக்கம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? நல்லவேளை, உயிர் காக்க எடுத்ததில் தவறில்லை, மாமியாரைச் சர்ச்சுக்கு அழைத்துப் போனதற்கு மட்டும் எச்சரிக்கை என்று முடிந்தது. அந்த எச்சரிக்கையை எஸ்தர் கிராம சபையில் தானே எழுந்து நின்று ஒரு வரி விடாமல் படித்தார். அவசரத்துக்கு வண்டியில் ஆள் ஏற்றலாம், ஏற்றினால் அடுத்த சபையில் யாரை, எதற்கு என்று சொல்லியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கொண்டுவந்தவர் வேணுகோபால். அந்த ஊரில் இன்றைக்கும் அந்தக் குப்பை வண்டிக்கு 'டெபுடி வண்டி' (துணை அலுவலரான நான்தான் டெபுடி) என்றுதான் பெயர். யாருக்காவது மயக்கம் வந்தால், "டெபுடி வண்டிய இட்டுக்கினு வா" என்கிறார்கள். அரசாங்க வேலையில் என் பெயர் நிலைத்திருக்கும் ஒரே இடம் அதுதான்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் மகளுக்குத் திருவள்ளூரில் காதுகுத்து வைத்தோம். எஸ்தரும் வேணுகோபாலும் ஒன்றாகவே பஸ் பிடித்து வந்தார்கள். எஸ்தருக்குப் பதவிக்காலம் முடிந்திருந்தது. வேறொரு கம்பெனியில் மறுபடி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வந்தவர்களுக்குக் கவிதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். எஸ்தர் சொம்பை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், மண்டபம் முழுக்கக் கேட்க என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், நம்ம ரெண்டு பேர் நடுவுல விசாரணை ஒண்ணும் பாக்கி இல்லியே? குடிக்கலாமா?"

"குடிங்கம்மா" என்றேன்.

"அப்படியெல்லாம் விட முடியாது" என்றாள் கவிதா பின்னாலிருந்து. "எழுத்துமூலமா கேக்கச் சொல்லுங்க."

மண்டபமே சிரித்தது. காது குத்திய வலியில் அழுதுகொண்டிருந்த மகள்கூட அழுகையை நிறுத்திவிட்டு, என்ன என்ன என்று கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் தெரிந்துகொண்டாள். அவளுக்கு இப்போது நன்றாக எழுதப் படிக்க வந்துவிட்டது. நேற்று வெயிலில் அலைந்துவிட்டு வந்து, "கண்ணு, அப்பாவுக்குத் தண்ணி கொண்டா" என்றேன். வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எழுதிக் கொடுத்தேன். உடனே கிடைத்தது.